சினத்தின் காரணம்: திருவாலங்காட்டு மரபும் பராமரிப்பின் அறமும்

பிறர் துணையின்றி அன்றாட வாழ்வை நடத்த இயலாத ஒருவர், தமக்குச் சோறூட்ட வரும் கையைத் தட்டிவிடும்போதும், குளிப்பாட்ட வருபவரை அடிக்கும்போதும், இரவெல்லாம் கூச்சலிட்டு வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்கும்போதும், அச்செயலுக்கு அவர் எந்த அளவுக்குப் பொறுப்பாவார் என்ற கேள்வி எழுகிறது. இது மருத்துவத்துக்கு மட்டும் உரிய கேள்வியன்று. உயிர் என்பது எது, அறிவின் கருவிகள் சிதைந்தபின் உயிரில் எஞ்சுவது எது, துன்பத்துக்கு வேர் பழவினையா சூழலா என்று சமயங்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாக்களின் நடுவில்தான் இதற்கும் இடம் இருக்கிறது. திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையே அமைந்த திருவாலங்காடு, அடங்காச் சினத்தையும் அஞ்சத்தக்க உருவத்தையும் தன் தலவரலாற்றின் மையத்திலேயே வைத்திருக்கும் ஊர் என்பதால், இக்கேள்வியை ஆராய அது பொருத்தமான களமாகிறது.

பராமரிப்புத் துறையினர் இத்தகைய செயல்களைச் ‘சவாலான நடத்தை’ என்று குறிப்பிடுகின்றனர். அடித்தல், கடித்தல், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல், பொருள்களை எறிதல், உணவையும் மருந்தையும் மறுத்தல், ஓயாமல் அலைதல் போன்றவை இதில் அடங்கும். மறதிநோயாளர், அறிவுசார் குறைபாடு உடையோர், ஆட்டிசம் உடையோர், மனச்சிதைவு நோயாளர் ஆகியோரைப் பராமரிப்பவர்கள் இவற்றை நாள்தோறும் எதிர்கொள்கின்றனர். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களுள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டிருப்பதைக் கொண்டு பார்த்தால், இது ஒரு சில குடும்பங்களின் தனித்துயராக ஒதுக்கத்தக்கதன்று என்பது விளங்கும்.

காளியின் சினம்

திருவாலங்காட்டுத் தலவரலாறு காளியின் சினத்திலிருந்து தொடங்குகிறது. சும்பன், நிசும்பன் என்னும் அசுரர்களையும் அவர்களைச் சார்ந்தோரையும் அழித்த காளி, போர் முடிந்தபின்னும் சினம் தணியாமல் ஆலங்காட்டில் திரிந்தாள் என்றும், அவளால் அல்லலுற்ற முனிவர்கள் சிவனிடம் முறையிட்டனர் என்றும், சிவன் அவளோடு நடனப் போட்டியில் இறங்கி, இறுதியில் ஒரு காலை உயரத் தூக்கி ஊர்த்துவ தாண்டவம் ஆடியபோது அவள் ஆட்டத்தை நிறுத்தினாள் என்றும் மரபு கூறுகிறது. சிவன் ஆடிய ஐந்து சபைகளுள் இரத்தின சபையாக இவ்வூர் போற்றப்படுவது இந்த ஆடலால்தான்.

இக்கதையைப் பராமரிப்புக்கு உவமையாக்குவதில் ஒரு தடை உண்டு. இது போட்டியின் கதை. அதில் ஒருவர் வெல்கிறார், மற்றவர் தோற்கிறார். பெண்ணால் செய்ய இயலாததென்று கருதப்பட்ட ஒரு நிலையைக் காட்டி அவளை நாணவைத்த வெற்றி அது என்ற குற்றச்சாட்டும் நியாயமானதே. பராமரிப்பில் வெற்றி தோல்வி புகுந்தால் அங்கே பராமரிப்பு மறைந்துவிடும். எனினும், கதைக்குள் கவனிக்க வேண்டிய செய்திகள் இரண்டு உள்ளன. முதலாவது, காளியின் சினம் காரணமற்றதாகச் சொல்லப்படவில்லை. அது போர்க்களத்தில் பிறந்து, தேவை தீர்ந்தபின்னும் உடலைவிட்டு நீங்காமல் தங்கிய சினம். இரண்டாவது, அடங்கிய பின் அவள் ஊரைவிட்டு விரட்டப்படவில்லை. திருவாலங்காட்டில் அவளுக்குத் தனிக்கோயில் உண்டு. அவளை வழிபட்ட பின்னரே அங்குள்ள சிவனான வடாரண்யேசுவரரின் சன்னதிக்குச் செல்ல வேண்டும் என்பது வழக்கம். சினந்தவளுக்குச் சமூகத்தில் இடமும் மரியாதையும் மீண்டும் அளிக்கப்படும்வரை கதை முடிவதில்லை. பராமரிப்பில் மிக எளிதாகக் கைவிடப்படுவது இந்த இரண்டாம் பகுதிதான்; ஒருமுறை அடித்தவர் என்ற பெயர் பெற்ற முதியவர், அதன்பின் அமைதியாக இருக்கும் நாள்களிலும் அந்தப் பெயராலேயே நடத்தப்படுகிறார்.

அஞ்சத்தக்க உருவம்

காளியைவிட நெருக்கமான சான்று காரைக்கால் அம்மையாருடையது. புனிதவதியாகப் பிறந்து, கணவன் பரமதத்தன் தம்மைத் தெய்வமென்று அஞ்சிப் பிரிந்து, பாண்டிய நாட்டில் வேறொருத்தியை மணந்து, அவளோடும் மகளோடும் வந்து காலில் விழுந்தபோது, கணவனுக்காகத் தாங்கிய அழகுடல் இனி வேண்டாவென்று இறைவனிடம் வேண்டிப் பேய்வடிவம் பெற்றவர் அவர் என்று சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணம் விவரிக்கிறது. அவ்வுருவைக் கண்டோர் அஞ்சி ஓடினர். அம்மையாரோ, இறைவன் தம்மை அறிந்தால் போதும், அறியாதவர்களுக்குத் தாம் எவ்வுருவாய்த் தோன்றினால் என்ன என்று எண்ணிக் கயிலைக்குத் தலையால் நடந்து சென்றார். எலும்புருவாய் வரும் இவர் யார் என்று உமை கேட்க, நம்மைப் பேணும் தாய் இவர் என்று சிவன் விடையளித்தார். அதன்பின் அவர் வாழ்ந்து பாடிய இடம் திருவாலங்காடு.

அம்மையார் விரும்பி ஏற்ற உருவத்தையும் நோயால் ஒருவர்மேல் வந்து விழும் நிலையையும் ஒன்றாகக் கருதுவது பிழை. அவருடையது அருள்வேட்கை; நோயாளருடையது அவர் கேளாத துன்பம். ஆனால் காண்பவர் பக்கம் ஒற்றுமை உண்டு. உருவத்தைக் கண்டு ஊர் ஓடுகிறது. உருவத்துக்குள் இருப்பவரை ஒரு பார்வை மட்டும் அடையாளம் கண்டு, உறவுப் பெயரிட்டு அழைக்கிறது. பேணப்பட வேண்டியவரென்று பிறர் இரங்கக்கூடிய ஒருவரைத் தம்மைப் பேணுபவராகவே அந்தப் பார்வை கண்டது. நிலை மாறிய ஒருவரிடம் முன்பிருந்த தாயையோ ஆசிரியரையோ உழைப்பாளியையோ தொடர்ந்து காண்பது பராமரிப்பின் முதல் அறம் என்பதற்குச் சைவ இலக்கியத்தில் இதைவிட வலிய ஆதாரம் கிடைப்பது அரிது.

உயிரும் அதன் கருவிகளும்

மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் பன்னிரண்டு நூற்பாக்களில் தந்த சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம், உயிரை உடலிலிருந்தும் புலன்களிலிருந்தும் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கு அந்தக்கரணங்களிலிருந்தும் வேறானதாக நிறுவுகிறது. அந்தக்கரணம் என்பது உள்ளிருந்து இயங்கும் அறிவுக்கருவி. பற்றுவது மனத்தின் வேலை, சிந்திப்பது சித்தத்தின் வேலை, துணிந்து முனைவது அகங்காரத்தின் வேலை, தீர்மானிப்பது புத்தியின் வேலை. உயிர் இக்கருவிகளோடு கூடி அறிவது, அமைச்சர்களோடு கூடி ஆளும் அரசனைப் போன்றது என்று அந்நூல் விளக்குகிறது. அமைச்சர் செய்தி கொண்டுவரத் தவறினால் அரசனின் ஆணை பிழைபடும். அதனால் அரசன் இல்லாமற்போனான் என்று முடிவு செய்ய இயலாது.

மறதிநோயில் நிகழ்வது இதுதான். மூளையின் நரம்புயிரணுக்கள் படிப்படியாக அழிய, நினைவும் மொழியும் காலவுணர்வும் குறைகின்றன. அச்சமும் நாணமும் அன்புக்கான ஏக்கமும் அவற்றோடு ஒருசேர மறைவதில்லை. மாலை நேரத்தில் தம் சொந்தத் திண்ணையில் அமர்ந்தபடியே வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒரு முதியவள் அழும்போது, இதுதான் வீடு என்று பத்துமுறை எடுத்துச் சொல்வதால் அவள் தெளிவடைவதில்லை. தான் பாதுகாப்பாக இருந்த ஓரிடத்தை அவள் தேடுகிறாள், அந்தத் தேட்டம் மெய்யானது. பொழுது சாயும்போது மறதிநோயாளரிடம் பதற்றம் மிகுவதை மருத்துவம் தனியாகவே இனங்கண்டுள்ளது. ஒளி குறைதல், களைப்பு, உடலின் நாள்முறை குலைதல் ஆகியவை அதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

சைவ சித்தாந்தத்தின் இன்னொரு கோட்பாடு இங்கே இன்னும் பயனுடையது. உயிர் தான் சார்ந்த பொருளின் தன்மையை ஏற்றுக்கொள்ளும் இயல்புடையது. இதனைச் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்பர். ஆணவ இருளைச் சார்ந்தால் இருளாகவும், அருளைச் சார்ந்தால் ஒளியாகவும் அது விளங்கும். இறைவனோடு உயிருக்குள்ள உறவை விளக்கவே இக்கோட்பாடு எழுந்தது என்றாலும், மனிதரோடு மனிதர் வாழும் வாழ்விலும் இதன் உண்மை வெளிப்படுகிறது. அவசரத்தைச் சார்ந்த நோயாளர் அவசரமாகவும், அச்சத்தைச் சார்ந்தவர் அச்சமாகவும் மாறுகின்றனர். பிரிட்டன் நாட்டு உளவியலாளர் டாம் கிட்வுட், மறதிநோய் பற்றி 1997இல் வெளியிட்ட நூலில், நோயாளரின் சரிவுக்கு மூளைச்சிதைவு மட்டுமே காரணமாவதில்லை என்றும், ஏமாற்றுதல், விரட்டுதல், குழந்தையாக்குதல், இல்லாதவர்போல் நடத்துதல் முதலிய சுற்றத்தாரின் செய்கைகளும் அச்சரிவை விரைவுபடுத்துகின்றன என்றும் வாதிட்டார். ஏழு நூற்றாண்டு இடைவெளியில், வேறுபட்ட நோக்கங்களோடு எழுந்த இவ்விரு சிந்தனைகளும், உயிர் தன் சூழலால் உருப்பெறுகிறது என்ற இடத்தில் சந்திக்கின்றன.

வினை என்ற விடை

இதே மரபிலிருந்து எழும் ஓர் எதிர்வாதத்தைத் தவிர்க்க இயலாது. எல்லாம் அவரவர் வினைப்பயன் என்றும், பேய் பிடித்தவரைத் திருத்த அடியும் கட்டுமே வழி என்றும் பலர் நம்புகின்றனர்; அந்நம்பிக்கை சமயத்தின் பெயராலேயே பேசப்படுகிறது.

வினைக்கோட்பாட்டை முழுமையாக ஏற்பவருக்கும் இந்த முடிவு கிடைப்பதில்லை. சைவம் வினையை மூன்றாகப் பகுக்கிறது: முற்பிறவிகளில் ஈட்டிச் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், அதில் இப்பிறவியில் நுகர்வதற்கென வந்தது பிராரத்தம், நுகரும்போது புதிதாகச் செய்துகொள்வது ஆகாமியம். நோயுற்றவரின் துன்பம் பிராரத்தம் என்றே கொண்டாலும், அத்துன்பத்தின்முன் நிற்பவர் செய்வதும் செய்யாமல் விடுவதும் அவருடைய ஆகாமியமாகவே சேரும். பிறரின் பிராரத்தத்தைக் காரணம் காட்டித் தம் ஆகாமியத்திலிருந்து எவரும் தப்ப இயலாது. மேலும், எந்தத் துன்பம் எந்த வினையால் வந்தது என்று அறியும் ஆற்றல் இறைவனுக்கே உரியதென்று சித்தாந்தம் கொள்வதால், ஒரு முதியவரைச் சுட்டி இது அவர் செய்த பாவம் என்று தீர்ப்புரைப்பவர் தமக்கில்லாத அறிவைத் தமக்கு உண்டென்று கொள்கிறார். அதைவிடத் தெளிவான ஆணவம் வேறில்லை.

பேய் என்னும் விளக்கத்துக்கும் திருவாலங்காட்டுப் பகுதியிலேயே மறுமொழி உண்டு. அருகிலுள்ள பழையனூரின் நீலி கதையில், கணவனால் வஞ்சிக்கப்பட்டுக் கொலையுண்ட பெண்ணே பேயாக வருகிறாள்; அவளது வெறிக்கு முன்னே ஓர் அநீதி நிற்கிறது. அவள் பின்தொடர்ந்த வணிகனுக்கு ஒன்றும் நேராது என்று பிணை நின்ற எழுபது வேளாளர், அவன் இறந்ததை அறிந்து, கொடுத்த சொல்லுக்காகத் தீப்புகுந்தனர். நாட்டார் மரபுகூடப் பேயின் செயலுக்குக் காரணம் தேடுகிறது. ஒப்படைக்கப்பட்டவரின் உயிருக்கு ஊர் முழுவதும் பொறுப்பு என்கிறது. இன்றைய பராமரிப்பு இல்லங்கள் இந்த இரண்டாவது செய்தியைத் தங்கள் அறமாகக் கொள்ளத்தக்கன.

காரணத்தைத் தேடும் முறை

நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்த பின்னரே தணிக்கும் வழியை நாட வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் விதிக்கும் வரிசை. நடத்தையை ஆராய்வோரும் இவ்வரிசையையே பின்பற்றுகின்றனர். ஒரு செயலுக்குச் சற்றுமுன் நிகழ்ந்தது என்ன, செயல் எவ்வாறு அமைந்தது, அதன்பின் அவருக்குக் கிடைத்தது அல்லது அவரைவிட்டு நீங்கியது என்ன என்ற மூன்றையும் சில நாள்கள் குறித்துவைத்தால் காரணம் பெரும்பாலும் புலப்படும். எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வு, வளர்ச்சிக் குறைபாடுடைய குழந்தைகளின் கட்டுக்கடங்காச் செயல்கள், கடினமான பாடத்திலிருந்து விடுபடவோ பெரியவரின் கவனத்தைப் பெறவோ பயன்பட்டதைக் காட்டியது. உதவி கேட்கவும் கவனத்தைக் கோரவும் எளிய சொற்களைக் கற்பித்ததும் அச்செயல்கள் குறைந்தன. மறதிநோயாளரிடமும், நிறைவேறாத ஒரு தேவையே பதற்றமாக வெளிப்படுகிறது என்ற கொள்கையை ஜிஸ்கா கோஹன்-மான்ஸ்ஃபீல்டு வளர்த்தெடுத்தார்.

குளிப்பாட்டும்போது எழும் போராட்டம் இதற்குத் தெளிவான உதாரணம். பின்னாலிருந்து வந்த ஒருவர் சேலையை அவிழ்க்கிறார், அவர் யாரென்று மூதாட்டிக்கு நினைவில்லை, செம்பு நிறையத் தண்ணீர் தலையில் விழுகிறது, மூச்சுத் திணறுகிறது, அவள் கையை ஓங்குகிறாள். வெளியிலிருந்து காண்பவருக்கு அது தாக்குதல். அவளுக்கு அது தற்காப்பு. எதிரே நின்று கண்பார்த்துப் பேசி, இளஞ்சூட்டு வெந்நீரைப் பாதத்திலிருந்து தொடங்கி மெல்ல ஊற்றி, உடலில் ஒரு துண்டைப் போர்த்தியபடியே விட்டு, செம்பை அவள் கையிலும் கொடுத்தால், அதே குளியல் பெரும்பாலும் அமைதியாக முடிகிறது. தலைக்கு ஊற்றுவதை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைப்பதால் குறை ஏதுமில்லை.

திடீரென எழும் மாற்றத்துக்கு உடற்காரணத்தை முதலில் தேட வேண்டும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பல்வலி, மூட்டுவலி, உடலில் நீர் குறைதல், காதுகேளாமை, புதிய மருந்தின் பக்கவிளைவு ஆகியவை, சொல்லி உணர்த்த இயலாதவரிடம் கோபமாகவே வெளிப்படும். இவற்றை ஆராயாமல் மயக்க மருந்து கொடுத்து அடக்குவது வலியைக் குறைப்பதில்லை. வலியின் குரலை மட்டும் குறைக்கிறது. மறதிநோயுள்ள முதியோருக்குச் சில மனநோய் மருந்துகளைக் கொடுப்பது இறப்பு அபாயத்தை உயர்த்துவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் எச்சரித்தது. அம்மருந்துகளே கூடா என்பது இதன் பொருளாகாது. கடும் துன்பமோ ஆபத்தோ உள்ளபோது, மருத்துவரின் மேற்பார்வையில், குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு என்ற வரம்பு வேண்டும் என்பதே அதன் பொருள்.

கட்டும் பூட்டும்

2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளரைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் எழுந்து ஓட இயலாமல் 28 பேர் இறந்தனர். அவ்வூர்த் தர்காவின் அருளை நாடிக் குடும்பங்கள் அழைத்துவந்து விட்டுச்சென்றவர்கள் அவர்கள். நம்பிக்கை அவர்களை அங்கே கொண்டுசேர்த்தது, கொன்றது சங்கிலி. அந்நிகழ்வின் பின் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை விசாரித்தது. 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியில்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் உடல்கட்டுப்பாட்டை அது அனுமதிக்கிறது. தண்டனையாகவோ, பணியாளர் போதவில்லை என்ற காரணத்துக்காகவோ கட்டுவதை அது ஏற்பதில்லை.

வழிபாடும் மருத்துவமும் பகைமை கொள்ள வேண்டியதில்லை என்பதை ஏர்வாடியே பின்னர்க் காட்டியது. பிரார்த்தனையை நாடி வருவோருக்கு மருந்தும் கிடைக்கச் செய்யும் திட்டம் தர்காவை ஒட்டி நடத்தப்பட்டது. திருச்சிக்கு அருகிலுள்ள குணசீலம் பெருமாள் கோயிலை ஒட்டியும் மனநல மறுவாழ்வு மையம் இயங்குகிறது. சென்னையில் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃப், 1993இல் தொடங்கப்பட்ட தி பேனியன் ஆகியவை, கட்டாமலும் பூட்டாமலும் இத்தகையோரைக் குடும்பத்தோடும் சமூகத்தோடும் வாழவைக்க இயலும் என்று நடைமுறையில் காட்டியுள்ளன.

ஆயினும் சங்கிலிக்கு இணையான ஒன்று வீடுகளில் தொடர்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் தொழிற்பேட்டை ஆகியவற்றின் ஆலைகளில் ஷிப்ட் முறையில் உழைக்கும் குடும்பங்கள் பல. கம்பெனி பஸ் வரும் நேரத்துக்கு வீட்டிலிருந்து கிளம்பியாக வேண்டும். மருமகளும் மகனும் வெவ்வேறு ஷிப்டில் இருந்தால் சில மணி நேரம் மறதிநோயுள்ள பெரியவரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. வெளியே தாழிட்டுப் போவதைத் தவிர வேறு வழி தோன்றுவதில்லை. இந்தத் தாழைக் கொடுமை என்று ஒரே சொல்லில் பழிப்பது எளிது. அதைப் போட்டவரின் வேலைநேரமும் கூலியும் அந்தப் பழியில் இடம்பெறுவதில்லை. வீட்டுக்குள் நிகழும் நடத்தைக்கு எவ்வாறு காரணம் உண்டோ, அவ்வாறே வெளித்தாழுக்கும் காரணம் உண்டு. அக்காரணம் ஊரின் பொறுப்பில் இருக்கிறது. பகல்நேரப் பராமரிப்பு இடங்கள், அண்டை வீட்டாரின் முறைவைத்த துணை, ஷிப்டை மாற்றித்தரும் நிர்வாகம் ஆகியவை இல்லாத இடத்தில் தனிமனித அறத்தைப் போதிப்பது நேர்மையாகாது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாவட்ட மனநலத் திட்டம், 14416 என்ற எண்ணில் இயங்கும் டெலி மானஸ் மனநல உதவி ஆகியவை கையிலுள்ள உதவிகள்; அவை தேவையை நிறைக்கும் அளவு விரிய வேண்டும்.

பராமரிப்பவரின் சினம்

சினத்தைப் பற்றிய ஆராய்ச்சி, பராமரிப்பவரின் சினத்தைக் கருதாமல் நிறைவுறாது. தம் வலிமை செல்லுபடியாகும் இடத்தில் சினத்தைக் காத்துக்கொள்வதே உண்மையான காவல் என்பது வெகுளாமை அதிகாரத்தின் தொடக்கக் கருத்து. மேலதிகாரியிடம் சினம் அடங்கியிருப்பது அறத்தால் அன்று, அச்சத்தால். படுக்கையில் கிடப்பவரிடம் அது அடங்குமானால் அதுவே அறம். பராமரிக்கும் உறவில் ஊண், மருந்து, கதவு, விளக்கு ஆகிய அனைத்தும் ஒருவர் கையில் இருப்பதால், வள்ளுவர் குறிப்பிடும் அந்த வலிமை அங்கே முழுமையாக இருக்கிறது.

அதே வேளையில், பொறுமையை அளவின்றிக் கோருவதும் தீங்கே. தமிழ் வீடுகளில் இப்பணி பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் ஆகியோர்மேல் விழுகிறது; தாங்கிக்கொள்வதே தவம் என்று அவர்களிடம் கூறுவது, பகிரப்பட வேண்டிய சுமையைப் புகழால் மூடிவிடுகிறது. அடிவாங்குவது கடமையின் பகுதியாகாது. தாக்கும் நிலை எழும்போது விலகி நின்று, கூரிய பொருள்களையும் கொதிக்கும் பாத்திரங்களையும் அகற்றி, குரலைத் தாழ்த்தி, இன்னொருவரை அழைப்பது கோழைத்தனமன்று; இருவரையும் காக்கும் முறை அதுதான். சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பு பராமரிப்பவருக்கும் பொது என்பதால், ஓய்வும் உறக்கமும் பேசுவதற்கு ஓர் ஆளும் பெற்றவரால்தான் அமைதியைப் பிறருக்குத் தர இயலும்.

முதலில் எழுந்த கேள்விக்கு இப்போது விடை கூறலாம். அறிவின் கருவிகள் சிதைந்த ஒருவரின் அடிக்கு, முழு அறிவோடு செய்த குற்றத்துக்குரிய பொறுப்பை அவர்மேல் ஏற்றுவது நீதியாகாது. ஆனால் அந்த அடியைப் பொருளற்றதென்று ஒதுக்குவதும் நீதியாகாது, ஏனெனில் அவரிடம் எஞ்சியிருக்கும் பேச்சு சில வேளைகளில் அது ஒன்றுதான். அதைக் கேட்டு அதன் காரணத்தைத் தேடும் பொறுப்பு, கருவிகள் சிதையாதவரிடம் மாறிவந்து சேர்கிறது. உயிர் அழிவற்றது என்று நம்புகிற ஒரு சமயம், அந்த நம்பிக்கையைக் கோயில் வாயிலோடு நிறுத்திக்கொள்ளாமல், தன்னை அடித்த கையின் சொந்தக்காரருக்கு மறுநாளும் அதே மரியாதையோடு சோறூட்டும் வீட்டிலும், அந்த வீட்டுக்குத் துணைநிற்கும் ஊரிலும் மெய்ப்பிக்கக் கடமைப்பட்டிருக்கிறது.